தாங்கியதும் நிலைத்ததும்

ஆங்கிலச் சொல் ஒன்றுக்குப் பக்கத்தில் தமிழ்ச் சொல் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டால், அந்தச் சொல்லைக் கற்றுவிட்டோம் என்று எண்ணுவது நம் பிள்ளைகளின் வழக்கம். பிள்ளைகள் மட்டுமா? வேலைக்கு மனு எழுதும் இளைஞர்களும், பிள்ளைக்குக் கட்டுரை சொல்லிக் கொடுக்கும் பெற்றோரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அகராதியைத் திறக்கிறோம், முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துக்கொள்கிறோம், பேனாவை ஓட்டிவிடுகிறோம். பெரும்பாலான சொற்களில் இதனால் பெரிய நட்டம் வராது. சில சொற்களில் மட்டும், நாம் சொல்ல வந்தது ஒன்று, படிப்பவர் புரிந்துகொண்டது வேறொன்று என்று ஆகிவிடும்.

அத்தகைய சொற்களுள் ஒன்று 'என்டியூரிங்'.

பல இடர்களுக்கு இடையிலும் அழியாமல், கலையாமல், மங்காமல் நெடுநாள் நிலைத்து நிற்கிற ஒன்றைக் குறிக்கும் பெயரடை இது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதன் தன்மையைச் சொல்வது பெயரடை என்று மாணவர்கள் அறிவார்கள். நம் தோட்டப்புற மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப் புகும் எவரும், ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தச் சொல்லின் வாசலில் வந்து நிற்கத்தான் வேண்டும். பால்மரக் காட்டில் பாடுபட்ட பாட்டியைப் பற்றி ஒரு மாணவி, 'மை கிராண்ட்மதர் இஸ் அன் என்டியூரிங் உமன்' என்று எழுதுகிறாள். எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் ஆங்கிலம் அறிந்தவர் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, 'இந்தப் பெண் என்ன சொல்ல வருகிறாள்?' என்று சற்றுத் தயங்குவார். ஏன் அந்தத் தயக்கம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சொல்லின் பூர்வீகம்

லத்தீன் மொழியில் 'டூருஸ்' என்றால் கடினமானது, கெட்டியானது என்று பொருள். அதிலிருந்து கெட்டிப்படுத்துதல், நிலைத்திருத்தல் என்ற பொருளில் 'டூராரே' என்ற வினை வந்தது. அது பிரெஞ்சு மொழிக்குள் புகுந்து, பிறகு 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் 'என்டியூர்' என்று குடியேறியது. இறுகிப்போனது எளிதில் உடையாது. உடையாதது நெடுநாள் இருக்கும். கடினம், பொறுத்தல், நிலைத்தல் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்த விதம் இதுதான்.

இந்தக் குடும்பத்தில் உறவினர்கள் பலர் உண்டு. கால அளவைக் குறிக்கும் 'டியூரேஷன்', நெடுநாள் உழைக்கும் பொருளைச் சொல்லும் 'டியூரபிள்', தாங்கும் ஆற்றலைச் சொல்லும் 'என்டியூரன்ஸ்' எல்லாம் உடன்பிறப்புகள். ஒரு நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது என்பதைக் குறிக்கும் 'டியூரிங்' கூட இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஒலி ஒத்திருப்பதால் மாணவர்கள் 'டியூரிங்', 'என்டியூரிங்' இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. உறவுதான், ஆனால் வேலை வேறு. நம் ஊர் டுரியானுக்கு மட்டும் இந்தக் குடும்பத்தில் இடமில்லை. அது முள் என்று பொருள்படும் 'டுரி' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது!

எழுத்துக்கூட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'என்டியூர்' என்ற வினையின் கடைசியில் 'இ' என்ற எழுத்து உண்டு. 'ஐ, என், ஜி' சேரும்போது அந்த 'இ' போய்விடும். 'ஆர்' ஒன்றுதான் வரும்; இரண்டு போடக்கூடாது. உச்சரிக்கும்போது நடுவில் உள்ள 'டியூ' என்ற அசையில் அழுத்தம் கொடுக்க வேண்டும்.

குழப்பம் தமிழிலிருந்து வருகிறது

நம் பிள்ளைகள் இந்தச் சொல்லில் தடுமாறுவதற்கு அவர்களுடைய கவனக்குறைவைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் 'தாங்கு' என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு நாம் பல வேலைகளைச் செய்துவிடுகிறோம்.

'இந்தச் செருப்பு ஒரு வருஷம் தாங்கும்' என்கிறோம். 'வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கினாள்' என்கிறோம். 'இந்த வெயிலைத் தாங்க முடியவில்லை' என்கிறோம். மூன்றிலும் தாங்குதல்தான். ஆங்கிலத்தில் இந்த மூன்றும் மூன்று வீடுகளில் தனிக்குடித்தனம் நடத்துகின்றன. செருப்பு 'டியூரபிள்'. வலியைத் தாங்கினாள் என்பதற்கு 'என்டியூர்ட்' என்ற இறந்தகால வினை. வெயில் பொறுக்கக்கூடியதாக இருந்தால் 'என்டியூரபிள்', பொறுக்க முடியாததாக இருந்தால் 'அன்என்டியூரபிள்'. இந்த மூன்று வீட்டிலும் 'என்டியூரிங்' இல்லை. அது நான்காவது வீடு.

பால்மரக் காட்டையே பாடப்புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் உளியால் மரத்தின் பட்டையைச் சீவுகிறோம். மரம் வெட்டை வாங்கிக்கொண்டு பால் தருகிறது. சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்கிறது. இங்கே மரம் உளியைத் தாங்குகிறது என்று சொல்ல 'என்டியூர்ஸ்' என்ற வினை வேண்டும். பால் சுமக்கும் வாளி வருடக்கணக்கில் உழைக்கிறது, அது 'டியூரபிள்'. ஈரக்காட்டில் கொசுக்கடி இருக்கிறதே, அது சில நாள் 'என்டியூரபிள்', மழைக்காலத்தில் 'அன்என்டியூரபிள்'. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்து முப்பது வருடம் ஆன பிறகும், ஒட்டுப்பாலின் வாடை எங்கிருந்தோ மூக்கில் பட்டதும் பழைய லயமும் பிரட்டுக்களமும் மனத்தில் எழுந்து நிற்கின்றன அல்லவா? அந்த நினைவுதான் 'என்டியூரிங் மெமரி'. இடம் போயிற்று, வேலை போயிற்று, கூட இருந்தவர்களில் பலர் போய்விட்டார்கள், நினைவு போகவில்லை.

பிள்ளைகளுக்கு நான்கு சொற்களையும் இப்படி ஒரே காட்டில் நிறுத்திக் காட்டினால் மறக்கமாட்டார்கள்.

வினைக்கும் பெயரடைக்கும் உள்ள தூரம்

'ஷி இஸ் என்டியூரிங் பெயின்' என்றால் அவள் இப்போது வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். இங்கே 'என்டியூரிங்' வினை. வினை என்பதால் எதைப் பொறுக்கிறாள் என்று பின்னால் சொல்லியாக வேண்டும்.

'என்டியூரிங் ஃப்ரெண்ட்ஷிப்' என்றால் நிலைத்த நட்பு. இங்கே அது பெயரடை. எது நிலைத்தது என்பதை அடுத்து வரும் பெயர்ச்சொல் சொல்லிவிடுகிறது.

வினை துன்பத்தைத் தேடும். பெயரடை மிஞ்சி நின்றதைத் தேடும். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பாட்டியைப் பற்றிய வாக்கியத்தில் வந்த தயக்கத்துக்குக் காரணம் இதுவே. 'என்டியூரிங் உமன்' என்றதும், பாட்டி துன்பத்தைப் பொறுத்தவரா, நெடுங்காலம் நிலைத்திருப்பவரா என்று படிப்பவருக்கு விளங்குவதில்லை. இந்தப் பெயரடையை மனிதர்களுக்கு நேராகச் சூட்டுவது அரிது. மனிதர்களிடம் உள்ள அன்பு, நட்பு, புகழ், செல்வாக்கு, அவர்கள் விட்டுச்சென்ற பணி ஆகியவற்றுக்கே அது பெரும்பாலும் சூட்டப்படுகிறது.

பாட்டி பொறுமைசாலி என்றால் 'பேஷன்ட்'. விழுந்தாலும் எழுந்து நிற்பவர் என்றால் 'ரெஸிலியன்ட்'. இந்தச் சொல் நமக்கு அந்நியமில்லை. துள்ளித் திரும்புதல் என்ற பொருள்கொண்ட லத்தீன் வினையிலிருந்து வந்தது இது. இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் ரப்பரின் குணத்துக்கே இதுதான் பெயர்! எத்தனை முறை இழுபட்டாலும் மீண்டு வந்த பாட்டியை 'ரெஸிலியன்ட் உமன்' என்று தாராளமாக எழுதலாம். பிறகு அடுத்த வாக்கியத்தில், அவர் நம்மிடம் விட்டுச்சென்ற பாசத்தையோ, ஒழுக்கத்தையோ, படிப்பின் மேல் கொண்ட பிடிவாதத்தையோ 'என்டியூரிங்' என்று எழுத வேண்டும்.

கப்பல் சொல்லும் பாடம்

சர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1914-ஆம் ஆண்டு தென்துருவப் பகுதிக்குச் சென்ற கப்பலுக்கு 'என்டியூரன்ஸ்' என்று பெயர் வைத்தார். பொறுத்து நின்றால் வெல்லலாம் என்பது அவருடைய குடும்ப வாசகம். கப்பலின் பெயரை அதிலிருந்து எடுத்தார். 1915 ஜனவரியில் கப்பல் உறைபனியில் சிக்கிக்கொண்டது. மாதக்கணக்கில் பனி நெருக்கி நெருக்கி, அவ்வாண்டு நவம்பர் 21-ஆம் நாள் கப்பல் மூழ்கியது. அதில் சென்ற 28 பேரும் பனிக்கட்டியின் மேல் கூடாரமடித்தார்கள். சிறு படகுகளில் யானைத் தீவு என்ற வெறுந்தீவை அடைந்தார்கள். அங்கிருந்து ஷாக்கிள்டன் ஐந்து பேருடன் ஒரு சிறு படகில் கொந்தளிக்கும் கடலைக் கடந்து உதவி தேடிப் போனார். 1916 ஆகஸ்ட் 30-ஆம் நாள் தீவில் காத்திருந்த 22 பேரும் மீட்கப்பட்டனர். 28 பேரில் ஒருவரும் சாகவில்லை. 2022 மார்ச்சு மாதம் அந்தக் கப்பல் கடலடியில் ஏறக்குறைய 3,000 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

இதில் நமக்கு என்ன பாடம்? 'என்டியூரன்ஸ்' என்று பெயர் வைத்ததால் கப்பல் நிலைக்கவில்லை. மரம் பனிக்கு ஈடுகொடுக்கவில்லை. மனிதர்கள் குளிரையும் பசியையும் தாங்கினார்கள்; அது வினை. நூறு வருடம் கடந்தும் உலகம் அவர்களுடைய கதையைப் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதைக்குத்தான் 'என்டியூரிங் ஸ்டோரி' என்று பெயர்.

நமக்கு அருகிலேயே எடுத்துக்காட்டுகள் உண்டு. பினாங்கில் பிறந்த பி. ரம்லி 1973-இல் மறைந்தார். அவருடைய பாடல்களை அவர் மறைந்த பிறகு பிறந்தவர்களும் பாடுகிறார்கள். அது 'என்டியூரிங் பாப்புலாரிட்டி'. டாக்டர் ஜி. யு. போப் 1886-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட திருக்குறள், எத்தனையோ அரசுகள் தோன்றி மறைந்த பிறகும் வாழ்கிறது. அது 'என்டியூரிங் ஒர்க்'. அதே குறளில் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமும், இடுக்கண் அழியாமை என்று இன்னோர் அதிகாரமும் தனித்தனியே இருப்பதைக் கவனியுங்கள். பொறுப்பது ஒன்று, இடரில் அழியாமல் நிற்பது வேறொன்று என்று வள்ளுவர் பிரித்தே வைத்திருக்கிறார்.

பத்து வெள்ளி

இந்தச் சொல்லைத் தோட்டத்துக் கதையில் வைத்துப் பார்ப்போம். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டம் துண்டானால் தொழிலாளிக்கு வேலை போகும். வேலையோடு லயத்து வீடும் போகும். அந்த நெருக்கடியில்தான் 1960-ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர வேண்டும். அந்தப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க வேண்டும் என்பது திட்டம். பால் வெட்டிப் பிழைத்தவர்களுக்கு அன்று 10 வெள்ளி சின்னப் பணமா? அரிசிக்கும் மருந்துக்கும் ஒதுக்கியதிலிருந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. துன் சம்பந்தன் 1979-இல் மறைந்தார். சங்கம் மறையவில்லை.

இதை ஆங்கிலத்தில் எழுதுகிற மாணவர், தொழிலாளர்கள் வறுமையைத் தாங்கினார்கள் என்று 'என்டியூர்ட்' போட்டு எழுதி நிறுத்திவிட்டால், கதையில் பாதிதான் சொன்னவராவார். அந்தப் பத்து பத்து வெள்ளியால் எழுந்த சங்கத்தை 'என்டியூரிங் இன்ஸ்டிடியூஷன்' என்றும் எழுத வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிகளுக்கும் அப்படியே. 1816-இல் பினாங்கில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கிய கல்வி, தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பிறகும், இன்று மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் தொடர்கிறது.

நம்மவர்களைப் பற்றிப் பிறர் எழுதும்போது, பொறுமைசாலிகள், எதையும் சகித்துக்கொள்பவர்கள் என்று எழுதிவிட்டுப் போவதுண்டு. பாராட்டுப் போலத்தான் தோன்றும். ஆனால் அதில் வினை மட்டுமே இருக்கிறது; பெயரடை இல்லை. அடியை வாங்கினார்கள் என்பது இருக்கிறது. எதை உண்டாக்கினார்கள் என்பது இல்லை. நம் பிள்ளைகளும் அப்படி எழுதப் பழகிவிடக் கூடாது.

தாய்மார்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்ற பழமொழியில் பொறுத்தலுக்குப் பின்னால் ஆளுதல் இருக்கிறது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனோடு ஆளுதல் ஏதுமின்றிப் பொறுத்தலை மட்டுமே வாழ்க்கையாக்கிக்கொண்ட பெண்ணைப் பார்த்து, 'என்ன பொறுமை!' என்று மெச்சுவது தகாது. அது 'என்டியூரிங் மேரேஜ்' ஆகாது; அந்த நிலைக்குச் சரியான சொல் 'அன்என்டியூரபிள்'. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் மலேசியாவில் 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் இயற்றப்பட்டது. சொல்லைச் சரியாகத் தெரிந்துகொண்டால், எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது என்ற தெளிவும் பிறக்கும்.

எங்கே பொருந்தாது?

வேலை மனுவில் 'என்டியூரிங் ஜாப்' தேடுகிறேன் என்று எழுதக்கூடாது. நிரந்தர வேலைக்கும், நிரந்தர முகவரிக்கும், நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கும் 'பெர்மனன்ட்' என்பதே சொல். அது ஏற்பாட்டைச் சொல்வது. இடரை வென்றதைச் சொல்வதன்று.

விடாத இருமல், ஓயாத மழை, நச்சரிக்கும் கடன்காரர் ஆகியவற்றுக்கு 'பெர்ஸிஸ்டன்ட்' பொருந்தும். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்கிறோமே, அந்த விடாமுயற்சிக்கும் இதே சொல் வரும்.

மேசை, நாற்காலி, சப்பாத்து, பள்ளிப் பை ஆகியவை 'டியூரபிள்'. கண்ணால் பார்த்துக் கையால் தொடும் பொருள்களுக்கு அதுவே ஏற்றது. 'என்டியூரிங்' பெரும்பாலும் தொட முடியாதவற்றுக்கு: அன்பு, அமைதி, புகழ், மதிப்பு, மரபு.

என்றென்றும் அழியாதது என்பதற்கு 'எவர்லாஸ்டிங்' இருக்கிறது. 'என்டியூரிங்' அவ்வளவு தூரம் போகாது. நெடுநாள் நின்றது, எளிதில் போகாது என்ற அளவில் அது நிற்கும்.

நல்லவற்றுக்கு மட்டும்தான் வருமா என்றால், இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பகைக்கும், விடை கிடைக்காத மர்மத்துக்கும்கூட 'என்டியூரிங்' போடுவதுண்டு. ஆனாலும் பாராட்டும் இடத்தில்தான் அதை மிகுதியாகக் காணலாம்.

சட்டத்துறையிலும் இந்தச் சொல்லுக்கு ஓர் அழகான இடம் உண்டு. ஒருவர் தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், சாதாரணமாக, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் செல்லாமல் போய்விடும். அந்த நிலை வந்த பிறகும் செல்லுபடியாகும் தனிவகைப் பத்திரத்துக்கு நியூசிலாந்து, ஹாங்காங் முதலிய இடங்களில் 'என்டியூரிங் பவர் ஆஃப் அட்டர்னி' என்று பெயர். சிங்கப்பூர் வாசகர்கள் இதே வகையான பத்திரத்தை 'லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி' என்ற பெயரில் அறிந்திருப்பார்கள். இடர் வந்தபோது மற்றவை நின்றுவிட, இது மட்டும் நிற்கிறது. சொல்லின் முழுப்பொருளும் அந்த ஒரு பத்திரத்தில் அடங்கிவிடுகிறது.

பயிற்சி

வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தச் சொல் பொருந்தும்?

1. ஐந்து வருடமாகக் கிழியாத பள்ளிப் பை.
2. மூன்று வாரமாக விடாத இருமல்.
3. ஒரே தோட்டத்தில் வளர்ந்து, வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்து, நாற்பது வருடம் கழித்தும் மாறாத நட்பு.
4. வியாபாரம் நொடித்துப்போன பிறகு மறுபடி கடை திறந்த அண்ணன்.
5. அடையாள அட்டையில் உள்ள நிரந்தர முகவரி.
6. கூரைத் தகரத்தின் கீழ் நண்பகலில் பொறுக்க முடியாத வெக்கை.

விடைகள்: 1. டியூரபிள். 2. பெர்ஸிஸ்டன்ட். 3. என்டியூரிங். 4. ரெஸிலியன்ட். 5. பெர்மனன்ட். 6. அன்என்டியூரபிள்.

ஆறும் சரியாக வந்தால், ஏழாவதாக ஒன்றை எழுதச் சொல்லுங்கள். தாத்தாவையோ பாட்டியையோ பற்றி இரண்டே வாக்கியங்கள் போதும். முதல் வாக்கியத்தில் அவர்கள் எதைத் தாங்கினார்கள் என்று வினையைப் போட்டு எழுதட்டும். இரண்டாவது வாக்கியத்தில், அவர்களால் இந்த வீட்டில் எது நிலைத்திருக்கிறது என்று பெயரடையைப் போட்டு எழுதட்டும். இரண்டாவது வாக்கியத்துக்குப் பிள்ளைகளுக்கு விடை தெரியாமல் போகலாம். அப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தாத்தா பாட்டியிடமே போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள்.